வியாழக்கிழமைக் காமாலை

முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்ற எர்காஷுக்கு ரத்தம் கொதித்தது. கண் இரண்டும் மஞ்சள்! மகள் தில்நவோஸின் கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருக்கும்போது காமாலையை ஒட்டிவிட்ட பாவி எவனோ, அவன் கழுத்தை நெரிக்காமல் விடுவதில்லை என்று சோப்பு நுரையோடு சபதம் செய்தான்.

முதலில் அகப்பட்ட கழுத்து மனைவியுடையது.

"முஹையோ! என்னத்தடி சமைச்சுப் போட்ட எனக்கு?"

முஹையோவுக்கு மர்கிலான் நகரச் சுகாதார நிலையத்தில் வேலை. எந்த நோய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று பதினெட்டு வருஷமாக மோப்பம் பிடிக்கிறாள். கணவனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"என் சமையலா? நானும் பொண்ணும் அதே சட்டியிலதானே தின்றோம்? மூணு பேர் தின்னு ஒருத்தருக்கு மட்டும் மஞ்சளா?"

"நேத்து சூப்புல ஒரு மாதிரி வாடை அடிச்சுது!"

"நேத்து தின்னா இன்னிக்கு வராதுங்க. கிருமி உள்ள போய் ஒரு மாசம் குந்தியிருந்துட்டுத்தான் வெளிய காட்டும். சொல்லுங்க, போன மாசம் வெளிய எங்க சாப்பிட்டீங்க?"

எர்காஷ் கன்னத்து நுரையை அவசரமாகத் துடைத்தான். போன மாதம் வியாழன்தோறும் கூட்டாளிகளோடு, அவர்களில் ஒருவனான தோஷ்தெமிரின் தோட்டத்தில் புலாவ் கிண்டித் தின்றிருந்தான். கல்யாணம் முடிகிறவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, முற்றத்துக்குச் சுண்ணாம்பு அடித்து முடிப்பேன் என்று ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன். ரொட்டி மேல்! வியாழனன்று பட்டு ஆலையில் கூடுதல் வேலை என்று புளுகிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு மூட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை.

"எங்கயும் இல்ல. வீடு, ஆலை. ஆலை, வீடு."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோயேன்! எனக்கென்ன பயம்?"

எழுதினாள். பேனாவைப் பொறுமையாக மூடினாள். அந்தப் பொறுமைதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப சரி. நேத்து உங்க கூட்டாளிங்க ஆறு பேரும் மஞ்சக் கண்ணோட ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. வெளிய சாப்பிட்டது எர்காஷ் வீட்டுல மட்டும்தான்னு ஆறு பேரும் ஒரே பேச்சு. ஏழு பேருக்கும் பொதுவான இடம் நம்ம வீடுன்னு ஆயிடுச்சு."

"நம்ம வீடா!"

"வாசல்ல தொத்து வீடுன்னு சிவப்புப் பலகை மாட்டிருவாங்க. ரெண்டு மாசத்துக்கு இந்த முற்றத்துல விருந்து கூடாது. சம்பந்திக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

எர்காஷ் குதித்த குதியில் தேநீர்க் கிண்ணம் உருண்டது. கூடவே இருந்து தின்றவர்கள் அவன் பெண்ணின் கல்யாணத்தில் மண்ணள்ளிப் போடுகிறார்களே!

"துரோகிப் பசங்க! எவன்டி என் வீட்டுல தின்னான்? தின்னதெல்லாம் தோஷ்தெமிர் தோட்டத்துல! நாலு வியாழனும்! ஆளுக்கு ரெண்டு தட்டு புலாவ் மொக்கினானுங்க!"

"புலாவ் அடுப்புல வெந்தது, அதுல வராது. பச்சையா என்ன தின்னீங்க?"

"தக்காளி, வெங்காயம்!"

"எதுல கழுவினது?"

"வாய்க்கால்ல!"

"கழுவி நறுக்கினது யாரு?"

"நாந்தான்! என் கையால நறுக்கிப் போட்டதைத் தின்னுட்டு, என் பொண்ணு கல்யாணத்தையே..."

வாய் பாதியில் நின்றது. முஹையோவின் பேனா நிற்கவில்லை.

"இங்க சுண்ணாம்பு மூட்டையிலயே கெட்டியாகுது. ஐயா வாய்க்கால்ல தக்காளி கழுவிட்டிருந்தீங்களாக்கும்!" என்று பல்லைக் கடித்தாள். கோபத்தில் அவள் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"இப்பப் பலகை மாட்ட மாட்டாங்கல்ல?" என்றான் எர்காஷ் ஈனக்குரலில்.

"அப்படி ஒரு பலகையே கிடையாதுங்க. கல்யாணம் நடக்கும்."

"அப்ப அந்த ஆறு பேரும் சொன்னது?"

முஹையோ படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

"அவங்களை இனிமேதான் கேக்கணும். எர்காஷ் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறேன்."