உண்டிவில்லாரின் கூட்டாளி

திண்டுக்கல் வட்டாரத்து அணில்களுக்கு மட்டும் ஓட்டு இருந்திருந்தால், எங்கள் சந்தில் இருக்கும் உண்டிவில்லாரை அவை நாடு கடத்தியிருக்கும். தென்னந்தோப்புக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், கீச்சுக் கீச்சென்று மரத்துக்கு மரம் தகவல் பறக்கும்.

அறுபதைத் தாண்டியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய உண்டிவில் ஒன்று உண்டு. அது எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கல்யாண வீட்டுக்கும் அப்படியே வருவார். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்கு டாக்டர் சொந்தமெல்லாம் இருக்கா!" என்று அசந்துபோனார்கள்.

நான் எதிர் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவன். வெங்காயப் பேட்டையில் சாக்குத் தைக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது.

அணில் குரும்பையை ஓட்டை போடுகிறது என்று சின்னாளப்பட்டிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், மத்தியானத்துக்குள் ஒன்றிரண்டோடு திரும்புவார். தென்னை மட்டையைக் கொளுத்தி ரோமத்தைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவுவார். பிறகு இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், மிளகு. சந்து முழுக்க விருந்து மாதிரி மணக்கும். சட்டிக்குள் பார்த்தால் சுண்டுவிரல் சுண்டுவிரலாகக் கறி கிடக்கும்.

அதையும் உடனே தின்ன மாட்டார். அவரோடு வேட்டைக்குப் போன கூட்டாளிகள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர்கள் பங்கை டப்பாவில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துதான் தன் தட்டில் கை வைப்பார். கூட்டாளிக்குக் கொடுக்காமல் வேட்டைக் கறி தின்னக் கூடாது என்பது அவர்களுக்குள் வழக்கம்.

அந்த டப்பாவை வாங்குகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு ஞாயிறு என்ன நடந்தது என்று அவரே எனக்கு நடித்துக் காட்டினார். முதல் வீட்டில் மருமகள் டப்பாவைத் தொடவில்லை.

"மாமா, பாப்பா மாடியில அணிலுக்குத் தெனம் அரிசி வைக்குது. பிங்கின்னு பேரு வச்சிருக்கு. இது பிங்கியா இருக்காதுல்ல?"

"இது ஆம்பள அணிலும்மா. பிங்கி பொம்பளப் பேரால்ல இருக்கு?"

உள்ளேயிருந்து பாப்பா ஓவென்று அழுததாம். இரண்டாவது வீட்டில் கூட்டாளியின் மகன் வாசலிலேயே மறித்தான்.

"பெரியப்பா, அணிலை அடிச்சா ஜெயிலாம். செல்லுல வந்துருக்கு. டப்பாவ யாரும் பாக்கமுன்ன எடுத்துட்டுப் போங்க. இனிமே கொண்டாராதீங்க."

நடித்து முடித்தவர், இரண்டு டப்பாவையும் என் வாசல்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நெடுநேரம் யோசித்து, "நான் வேணா சாப்பிடவாண்ணே?" என்றேன். அந்த வாரம் நான் பேசிய பேச்சே அதுதான்.

"வேட்டைக்கு வராதவனுக்குப் பங்கு கெடையாது அப்பு. தப்பா நெனைக்காத" என்றவர், இரண்டு டப்பாவையும் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்தார். "செத்தவங்க பங்கு. காக்கா தின்னட்டும்."

அடுத்த ஞாயிறு அவர் வேட்டைக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. தோப்புக்காரர் போன் செய்தபோது, "யாருக்குய்யா அடிக்க?" என்று கேட்டு வைத்துவிட்டார். கழுத்து வெறுமையாக இருந்தது. பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தார். எதிர் வீட்டில் அடுப்பு மணம் இல்லாத ஞாயிறு எவ்வளவு நீளம் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் வாரேண்ணே. வேட்டைக்கு."

"கல்லு எறிவியா?"

"இல்லண்ணே."

"மரம் ஏறுவியா?"

"தல சுத்தும்ணே."

"பெறகு என்னத்துக்கு வார?"

"அணில் இருக்குற மரத்தக் கை காட்டுறேன். பேசாம இருப்பேன்."

எழுந்து உட்கார்ந்தார். "அம்புட்டு நேரமும் பேசாம இருப்பியா? நம்ம பயலுக ரெண்டு பேரும் வாய மூட மாட்டானுங்கடா. அவனுக பேச்சுலயே பாதி அணில் ஓடிப்போகும்." ஆணியில் மாட்டியிருந்த உண்டிவில்லை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய்க்கு ஏற்ற வேலை கிடைத்தது. நான் கை காட்டினேன், அவர் அடித்தார். முதல் கல்லுக்குக் குரும்பை உதிர்ந்தது. அடுத்த கல்லுக்கு இளநீரே விழுந்தது. தோப்புக்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, அணிலே பரவாயில்லண்ணே! நீங்க கெளம்புங்க!"

கிளம்புகிற நேரத்தில் ஒரே ஒரு அணில் விழுந்தது. அது கல் பட்டு விழுந்ததா, சத்தத்துக்குப் பயந்து விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. பேசாமல் இருப்பது என் வேலை.

வீட்டில் கறி வெந்ததும் இரண்டு தட்டில் கூறு வைத்தார். கூட்டாளிகளுக்குள் சண்டை வராமல் இருக்க ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டுமாம். மற்றவர் ஒரு கூறைத் தொட்டு யாருக்கு என்று கேட்க, பார்க்காமலே பெயர் சொல்ல வேண்டுமாம். அவர் திரும்பி நின்றார். நான் ஒரு தட்டைத் தொட்டேன்.

"இது யாருக்குண்ணே?"

"எனக்கு."

"இது?"

"எங்க முருகேசனுக்கு."

இத்தனை வருஷம் அப்பு என்றே கூப்பிட்டவருக்கு என் பெயர் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

தட்டில் இருந்தது இரண்டு எலும்பும் கொஞ்சம் மிளகும்தான். அதைத் தின்று முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. தன் தட்டை எப்போதோ காலி செய்துவிட்ட உண்டிவில்லார், கை காய்ந்துபோன பிறகும் எழுந்திருக்காமல் எதிரில் உட்கார்ந்தே இருந்தார்.