மாமனாரை அந்தரத்தில் நிறுத்தியவன்

சில மாப்பிள்ளைகள் மாமனாரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் நிஜமாகவே தூக்கினேன். கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டேன்.

இதைக் கிளப்பிவிட்டது கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள். கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒன்று எல்லாவற்றையும் மேய்த்துக்கொண்டிருக்குமாம். இனி சரிசெய்யவே முடியாத தப்பு என்று அதற்குப் பட்டால் சமாளிக்கப் பார்க்காதாம். மேலே ஓடினால் நன்றாக இருப்பதும் கெட்டுவிடும் என்று மொத்தத்தையும் நிறுத்தி, கடைசியாக நடந்ததைத் திரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுமாம். "எரிச்சலா வருதுப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒன்று நின்றதால்தான் அவளே பிறந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம். தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் என்ற பகுதியில் வீடு. சுரங்கத்து ஆட்களைக் கேஜில், அதாவது கயிற்றில் தொங்கும் இரும்புக் கூண்டில், ஏற்றி இறக்கும் இன்ஜினுக்கு நான் டிரைவராகப் பழகிக்கொண்டிருந்தேன். கயிறு சுற்றும் பெரிய டிரம்மில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது எதிரிலுள்ள இரும்பு முள்ளுக்கு நேராக வந்தால் கேஜ் தரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் ரூமிலிருந்து ஷாப்டு வாய், அதாவது கேஜ் இறங்கும் குழியின் வாய், தெரியாது. கோடுதான் எங்களுக்குக் கண்.

ஆயுத பூஜை வந்தது. நைட் ஷிப்ட் ஆட்கள் இறங்கியபின் டிரம்மைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கோடும் சேர்ந்து போயிற்று. (தினமும் நான் பார்த்து ஓட்டிய அதே கோடு. பக்தி கண்ணை மறைத்துவிட்டது.) பிறகு எந்த இடம் பார்க்க லட்சணமோ அந்த இடத்தில் நீளமாக ஒரு விபூதிப் பட்டை போட்டேன்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் ஆட்கள் மேலே வரும் நேரம். சீனியர் டிரைவர் ஏழுமலை அண்ணன் பூஜைப் பொரியை மென்றபடி பக்கத்தில் நின்றார். அன்று ஒழுங்காக ஓட்டினால் லைசென்ஸுக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். லைசென்ஸ் வந்தால்தான் பெண் என்று கோவிந்தசாமி மாமா சொல்லியிருந்தார். அந்தக் கேஜில் மாமாவும் இருந்தார்.

வெள்ளைக் கோடு முள்ளை நோக்கி வந்தது. வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் படாரென்று ஒரு சத்தம். கரண்ட் நின்றது, பிரேக் தானாக டிரம்மைக் கவ்விக்கொண்டது. கேஜ் தரையைத் தாண்டி மேலே போனால் மொத்தத்தையும் நிறுத்துவதற்கென்றே வைத்திருந்த பொறி அது. நான் மெதுவாக அதன் கொக்கியை விடுவிக்கப் போனேன்.

"கைய எடு" என்றார் அண்ணன்.

"கொஞ்சூண்டு எறக்கிட்டா யாருக்கும் தெரியாதுண்ணா."

"இன்னா ஆச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"எனுக்கும் தெரில. தெரியாதப்ப ஓட்டக் கூடாதுன்னுதான் அது நின்னுகினு கீது. இன்ஜினியர் வந்து பாத்து, புக்குல எழுதி, சாவி போட்டாத்தான் இனிமே அசையும். போய் கேஜ்ல கீறவங்களுக்குச் சொல்லு, போ."

ஷாப்டு வாயில் ஒன்றரை ஆள் உயரத்தில் கேஜ் தொங்கியது. கம்பிக்குப் பின்னால் வரிசையாக பூட்ஸுகள்.

"யார்ரா டிரைவரு?" என்றது மாமாவின் குரல்.

"உங்க ஊட்டுக்கு வரப்போற மாப்ளதான்" என்றான் ஷாப்டு வாயில் நின்று கேஜுக்கு மணியடிக்கிறவன். (அவனுக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.)

ஒரு ஜோடி பூட்ஸ் கம்பியோரம் வந்தது. பிறகு, "தம்பி, இன்னும் மேல போற உத்தேசம் கீதா?"

"இல்ல மாமா. நின்னுடுச்சி."

"நீ நிறுத்தினியா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் நான் ஹீரோ.

"இல்ல மாமா. அதுவே நின்னுது. நான் உட்டிருந்தா போய்க்கினே இருந்திருக்கும்."

ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினியர் வந்தார். டிரம்மையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பட்டை. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, சாவி போட்டார். ஏழுமலை அண்ணன் பூப்போலக் கேஜை இறக்கினார். அண்ணாந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கயிறு ஓடும் உச்சிச் சக்கரத்தில் மோதிக் கயிறு அறுந்திருக்கும். அத்தனை பேரும் நடந்து வெளியே வந்தார்கள். அந்தப் பூட்ஸ் சத்தத்தைப்போல ஒரு சங்கீதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மாமா நேராக என்னிடம் வந்தார். "பொண்ணு தரேன். ஆனா இந்த வேல உனுக்கு வேணா."

"லைசென்ஸ் வேணும்னீங்களே மாமா?"

"தூக்கறவன் வேணாம்பா. பொய் சொல்லாதவன் போதும்."

பம்ப் ஹவுஸுக்கு மாறினேன். அதன்பிறகு தண்ணீரைத் தவிர எதையும் தூக்கவில்லை. இப்போது பெங்களூரில் எந்தக் கட்டடத்தில் லிப்டில் ஏறினாலும் என் மனைவி, "கைய பாக்கெட்ல வைங்க" என்று சொல்லிவிட்டுத் தானே பட்டனை அமுக்குவாள். போன வாரம் கூட நின்ற ஒருவர் பரிதாபப்பட்டு, "சாருக்குக் கையில அடிங்களா?" என்றார்.

"இல்லீங்க. எங்க நைனாவோட கடைசி ஆசை" என்றாள்.