சிவப்பு நாடா கட்டிய நாற்பது செடிகள்

வாமன்ட்லா,
ஆகஸ்ட் 9.

ஜெர்மனியில் பெரிய படிப்புப் படிக்கும் அண்ணன் மகள் செனாய்தாவுக்கு, சித்தப்பா லூப்பெர்சியோ ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி குக்காவும் இரண்டு பன்றிகளும் நலம். மழையும் குறைவில்லை. உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் ஒத்துப்போகின்றனவா என்று அறிய ஆவல். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் நான். மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூடப் பயணிகளிடம் ஒளிக்காமல் சொன்னவன். அப்படிப்பட்டவன் உன்னிடம் போனில் பேசப் பயந்து கடிதம் எழுதுகிறேன் என்றால் விஷயம் எப்படிப்பட்டது என்று நீயே ஊகித்துக்கொள். கடிதம் வந்து சேரப் பதினைந்து நாளாகும். அதுவரையாவது நீ நிம்மதியாகச் சாப்பிடு.

போன மாதம் நீ வந்து என் நிலத்தில் எண்பது மக்காச்சோளச் செடிகளின் இளங்கதிர்களுக்கு உன் கையாலேயே பூஞ்சையை ஊசி போட்டாய். நீல நாடா கட்டிய நாற்பதுக்கு நம் ஊரே சப்புக்கொட்டித் தின்னும் க்விட்லகோச்சேப் பூஞ்சை. சிவப்பு நாடா கட்டிய நாற்பதுக்கு, மலையடிவாரத்தில் நீ தேடிப் பிடித்த அதன் பங்காளி ஒன்று. எதற்கு என்று அரைமணி நேரம் விளக்கினாய். அடுப்படியிலிருந்து வந்த வாசனையில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினேன். "சித்தப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், செப்டம்பர்ல நான் வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். சும்மா இருப்பது எப்படி என்று ஓய்வுபெற்ற டிரைவருக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, மகளே. தப்பு அங்கேதான் தொடங்கியது.

பத்தாம் நாள் நீல நாடாக் கதிர்கள் வீங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு மணியும் என் கட்டைவிரல் பருமனுக்குச் சாம்பல் பூத்து உப்பி, தோகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பார்க்கவே வயிறு நிறைந்தது. சிவப்பு நாடாப் பக்கம் போனால் ஒரு வீக்கமும் இல்லை. மணிகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் ஆரோக்கியமாக நின்றன. மற்ற தேசத்து விவசாயி இதைப் பார்த்தால் துள்ளிக் குதிப்பான். நம் ஊரில் வேலி ஓரம் யூஃப்ரோசினாதான் வந்து நின்றாள். ஞாயிற்றுச் சந்தையில் அந்தப் பூஞ்சையை உள்ளே வைத்துக் கெசதியா ரொட்டி சுட்டு விற்பவளுக்கு வீங்கிய கதிர் எது, வீங்காத கதிர் எது என்று சொல்லித்தர வேண்டுமா? "ஏங்க, உங்க அண்ணன் மக போட்ட ஊசி பாதிக்குப் பிடிக்கவே இல்லியே, வெளிநாட்டுல என்னத்தத்தான் சொல்லிக்குடுக்கிறாங்களோ" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் அண்ணன் மகள் பாதியில் தோற்றவள் என்று சந்தையெல்லாம் பேசுவதா?

எனவே உன் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்தேன். ஜூலை கடைசி நாள் நீல நாடாச் செடிகளில் கொழுத்த மூன்று கதிர்களை ஒடித்து, அரைத்து, தண்ணீரில் கரைத்து, நீல எனாமல் பானையில் ஊற்றி அடுப்படியில் மூடி வைத்தேன். மறுநாள் காலை குக்கா பன்றிகளைப் பார்க்கப் போன சமயம், பன்றிக்குப் போடும் ஊசியை எடுத்துக்கொண்டு, பானையோடு நிலத்துக்குப் போனேன். சிவப்பு நாடாவில் நாற்பது செடி, நாற்பது ஊசி. தோல் தோலாக ஏதோ வந்து ஊசியை நாலு தடவை அடைத்தது. கையெல்லாம் வெங்காய வாசனை. நோய்க்கும் ஒரு வாசனை இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். எறும்புகள் என் பின்னாலேயே வரிசையில் வந்தன. முட்டி இரண்டும் கழன்று வீடு திரும்பினால், மதியச் சாப்பாட்டுக்குப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று உன் சித்தி வைத்த சூப் எப்படிப்பட்டது என்றால், எங்கள் மகனுக்கு ஞானத் தகப்பனாக நின்ற ஃபாவுஸ்தோ இருக்கிறாரே, அவர் நாலு கிண்ணம் குடித்தார். யூஃப்ரோசினா, அந்த யூஃப்ரோசினாவே, செய்முறை கேட்டாள். சித்தி சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நான் அசதியில் சூப்பைத் தொடவே இல்லை.

நேற்று உன் குரல் செய்தி வந்தது. "சித்தப்பா, சிவப்பு நாடால ஒண்ணுகூட வீங்கலதான? அதுதான் என் ஆராய்ச்சியே. ஒரே ஒரு செடி வீங்கிட்டாலும் என் மூணு வருஷம் போச்சு, எண்ணிச் சொல்லுங்க." நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவைதான், போன மாதம் நீ அரைமணி நேரம் சொன்னது முழுக்க எனக்கு விளங்கியது.

நான் புரிந்துகொண்டது சரியா பார். பூஞ்சை அடிதடிக்கு வருவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு நம் ஃபாவுஸ்தோ வருகிற மாதிரி வருகிறது. வாசலில் நின்று புரதம் புரதமாகக் கக்குகிறது. ஒரு புரதம், ஃபாவுஸ்தோ நம் நாயைத் தடவிக் கொடுப்பது போல, செடியின் காவலைக் குரைக்காமல் பண்ணிவிடுகிறது. இன்னொன்று, "தங்கச்சி, நீ இளைச்சுட்டியே" என்று குக்காவிடம் அவர் குழைவது போல, செடியைக் குழைய வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் செடி தன் சர்க்கரையைத் தானே எடுத்து வந்து பரிமாறி, இடமும் கொடுத்து, வீங்கிப் போகிறது. சிவப்பு நாடாப் பூஞ்சைக்கு அந்தப் புரதங்களில் ஒன்று மட்டும் பிறவியிலேயே கிடையாது. நாயைத் தடவத் தெரியாத ஃபாவுஸ்தோ. வாசலோடு பட்டினியாகத் திரும்ப வேண்டியதுதான். அந்த ஒரு புரதம் இல்லாவிட்டால் வீக்கமே இல்லை என்று காட்டத்தான் நீ நாற்பது செடி வைத்தாய். அந்த நாற்பதுக்கும் நாயைத் தடவத் தெரிந்த ஃபாவுஸ்தோவை நானே ஊசியில் ஏற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் வீங்கிவிடும். நாடாக்களை மாற்றிக் கட்டலாமா என்று யோசித்தேன், உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நாற்பதையும் பறித்துத் தின்றுவிடலாமா என்று கேட்டேன், "நாப்பதையும் ஒருத்தியா நான் எப்படிங்க சமைப்பேன்" என்று குக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகத்தை எதற்கு இப்படி அடிக்கடி திருப்புகிறாள் என்று தெரியவில்லை, அவளுக்கும் என் மேல் கோபம்தான். உன் அப்பா இருந்திருந்தால் என்னை நிலத்திலேயே நட்டிருப்பான். மூன்று வருடம் நீ கண் விழித்ததை ஒரு காலைப்பொழுதில் அழித்த பாவி நான். மன்னிக்க வேண்டாம், திட்டு, ஆனால் செப்டம்பரில் வராமல் மட்டும் இருந்துவிடாதே. நம் ஊர்க் கன்னித்தாய் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். சித்தியின் முத்தங்கள்.

இப்படிக்கு, ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டிய சித்தப்பா,
லூப்பெர்சியோ.

பி.கு. ஆகஸ்ட் 21. இந்தக் கடிதம் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. திருவிழா வந்து தெருவெல்லாம் வண்ண மரத்தூள் கோலம், அதன்பின் தெருவில் ஓடவிட்ட காளைகள், தபால் நிலையமும் மூடல். உண்மையைச் சொன்னால், திறந்த பிறகும் நான் போகவில்லை. இன்று காலை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எண்ணப் போனேன். சிவப்பு நாடா நாற்பது. வீங்கியவை பூஜ்யம். மூன்று முறை எண்ணினேன், தோகையை விலக்கி விலக்கி எண்ணினேன், பூஜ்யம். ஓடி வந்து குக்காவிடம் சொன்னால் அவள் ஏப்ரனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள்.

"இந்தாங்க, கோவப்படக் கூடாது. அன்னைக்கு நீங்க கொண்டுபோனது கறுப்பு பீன்ஸ் வெந்த தண்ணி. என் பானைங்க அது, ரெண்டும் ஒரே மாதிரி நீலப் பானை."

"அப்ப என் பானை?"

"அதத்தான் எபசோட்டே தழை போட்டுக் கொதிக்க வச்சேன். வாயில வச்சதும் க்விட்லகோச்சேன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்காக அரைச்சு வச்சீங்கன்னு நெனச்சேன்."

"பதினோரு பேருக்கும் ஊத்திட்டு, இருவது நாளா ஏன் சொல்லல?"

"யூஃப்ரோசினா என்கிட்ட செய்முறை கேட்டாங்க. இருவத்தாறு வருஷத்துல மொத தடவை. நான் எப்படிங்க சொல்லுவேன்?"

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. உன் மூன்று வருடம் பத்திரமாக இருக்கிறது. நீல நாடாவில் மட்டும் மூன்று கதிர் குறையும், அவை எங்கே போயின என்று உன் பேராசிரியர் கேட்டால் ஃபாவுஸ்தோவைக் காட்டலாம். சிவப்பு நாடாச் செடிகளுக்கு பீன்ஸ் தண்ணீரும் ஏற்றியிருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதிவிடு. யூஃப்ரோசினா படிக்காத மொழியில் எழுது.

நான் மறுபடி நிலத்துக்குப் போய், அந்த வீங்காத நாற்பதுக்கும் நடுவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். குக்கா பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"க்விட்லகோச்சே வரலன்னு சந்தோஷத்துல அழுத மொத ஆளு இந்த ஊர்ல நீங்கதாங்க. வாங்க உள்ள, யாராச்சும் பாத்துடப் போறாங்க."