மோட்டார் வீட்டில் பெண் கேட்க இயலாமை குறித்து

என் ஒரே அக்காவின் ஒரே மகனும், சோம்பேறிகள் பேரவையின் நிரந்தரத் தலைவனுமாகிய மாப்பிள்ளைக்கு, குனிந்த இடுப்பு இன்னும் நிமிராத நிலையில் உன் மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீ நலமாக இருப்பதாக உன் அம்மா சொன்னாள். கேட்டதும் வயிறு எரிந்தது.

உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு மோட்டாரின் மகளை நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுவதையும், அவளுக்கும் அதில் சம்மதம் என்பதையும், குடும்பத்துக்குப் பெரியவன் என்ற முறையில் நான் போய் அவள் அப்பாவிடம் பேச வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டேன். பெண் தங்கம். தங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அந்தத் தங்கத்தைப் பெற்ற இரும்பின் வாசலை என் கால் மிதிக்காது. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் சுருக்கம் உனக்குத் தெரியும், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்.

ஓய்வு பெற்ற என்ஜினியருக்கு மோட்டார் என்று பெயர் வைத்தவனே நீதான். நீ இங்கே தங்கிப் படித்த காலத்தில் அவர் வீட்டில் மோட்டார் வைக்காத பொருள் பல்குச்சி ஒன்றுதான். இப்போது அதற்கும் வைத்துவிட்டார். போதாக்குறைக்குப் புல் வெட்ட ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார். அது கிளம்பினால் மேகம் கலைகிறது, சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது, என் மதியத் தூக்கம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. ஒருநாள் பொறுமையிழந்து சுவரோரம் போய், "சார், இந்தச் சத்தத்துல மனுஷன் தூங்க முடியுமா?" என்று கத்தினேன். அவர் மிஷினை நிறுத்தாமலே, "சாப்பிட்டாச்சு, நீங்க?" என்றார். நான் கையைக் காலை ஆட்டிய பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்க வாஷிங் மெஷின் சுத்தினா எங்க வீட்டுச் சுவத்துல ஆணி கழண்டு விழுது. மோட்டார் இல்லாம நீங்க குடும்பம் நடத்திக் காட்டுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க." எனக்கு வந்ததே கோபம்! "இன்றுமுதல் என் வீட்டில் கையால் சுற்றாத எதுவும் சுற்றாது!" என்று மேடைத் தமிழில் முழங்கினேன். "மின்விசிறி?" என்றார். "விசிறியும்தான்!" என்றேன். வாய் இருக்கிறதே, அது நம் பரம்பரை வியாதி.

வீட்டுக்குள் வந்து சபதத்தை உன் அத்தையிடம் அறிவித்தேன். தேசத்துக்கே விடுதலை வாங்கி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சபதம் போட்டது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"நான் போடல இல்ல?"

"இல்ல..."

"அப்ப சரி. அழுக்குக் கூடை குளியலறைல இருக்கு. ஜமுக்காளத்தையும் தட்டிப் போட்டுருங்க." இப்படிச் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டி வாரப் பத்திரிகையை விரித்தவள்தான், இன்னும் மடிக்கவில்லை.

துணி துவைப்பது என்ன பெரிய வித்தையா என்று நினைத்துத்தான் கொல்லையில் ஒரு கல்லைப் போட்டேன். முதல் அடியிலேயே என் சட்டைப் பொத்தான்கள் விடுதலை வீரர்கள்போல் நாலா திசையும் பாய்ந்தன. அதில் ஒன்று சுவர் தாண்டி மோட்டார் குடித்துக்கொண்டிருந்த டீக்குள் போய் விழ, அவர் அதைக் கரண்டியால் எடுத்துச் சுவர்மேல் வைத்து, "உங்க சொத்து" என்றார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு பெட்ஷீட்டுக்கு வந்தேன். ஈரப் பெட்ஷீட்டைப் பிழிய இரண்டு பேர் வேண்டும் என்பது நமக்கெங்கே தெரியும்? உன் அத்தையைக் கூப்பிட்டால், "நான் சபதம் போடல" என்ற குரல் மட்டும் வருகிறது. ஒரு முனையை வெளிக்கேட்டில் கட்டி, மறுமுனையைப் பிடித்து முறுக்கினேன், முறுக்கினேன், அது மலைப்பாம்புபோல் திமிறித் திமிறி, இரும்புக் கேட்டே முனகுகிற அளவுக்கு முறுக்கினேன், அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தார். அப்புறம் நடந்ததை எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். நான் பம்பரமாய்ச் சுழன்று செடித்தொட்டியில் உட்கார்ந்தேனாம். தபால்காரர் முகத்தில் ஈரப் பெட்ஷீட் அறைந்த அறையில் அவர், "அடுத்த வீட்டுக் கடுதாசியும் நீங்களே வச்சுக்குங்க சார்" என்று மொத்தக் கட்டையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனாராம்.

புல் வெட்டிய கதையை எழுதும்போதே இடுப்பு அழுகிறது. அரிவாளோடு குந்தி உட்கார்ந்து, ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை அறுத்துவிட்டு வெற்றியோடு எழுந்தால், நான் எழவில்லை. மனம் எழுந்தது, உடம்பு குந்தியே இருந்தது. சரி என்று வாத்து மாதிரி நடந்தே வாசல்வரை வந்தேன். அலுவலகத்திலிருந்து வந்த மோட்டார் மகள்தான் பார்த்துவிட்டு ஓடி வந்து, கக்கத்தில் கை கொடுத்து, "மூச்சை இழுத்து விடுங்க மாமா, நான் தூக்கறேன்" என்று தூக்கி நிறுத்தினாள். "எங்கப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்று உளறினேன். "உங்கப்பா" என்று சொல்ல வந்தது அப்படி ஆகிவிட்டது. அவள் சிரிக்காமல், "எந்த அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். அதனால்தான் தங்கம் என்கிறேன்.

இனிதான் விஷயமே. சுவரோரத்து மரம் நினைவிருக்கிறதா? அதன் கிளை ஒன்று சுவருக்கு மேலாகவே நீண்டு நம் கூரை ஓடுகளை உரசிக்கொண்டிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள், கையில் மோட்டார் ரம்பம். திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் ஆளுயர ரம்பம் ஒன்று கிடைத்தது, இரண்டு முனையிலும் பிடி. நான் நம் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி அறுத்தேன். இழுத்தால் வருகிறது. தள்ளினால் அலகு வில்லாய் வளைந்து "ட்டொய்ங்ங்" என்கிறது. அந்த இசை கேட்டு அந்தப் பக்கம் மோட்டாரின் தலை முளைத்தது.

"அறுக்கறீங்களா, வயலின் வாசிக்கறீங்களா?"

"உங்க வேலையைப் பாருங்க சார்."

"என் கண்ணு முன்னால ஒருத்தர் இவ்வளவு தப்பா அறுத்தா அதைப் பார்க்கறதுதான் சார் என் வேலை." சொல்லிக்கொண்டே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி மறுபிடியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தோம். ரம்பம் அசையவில்லை. இருவரும் தள்ளினோம். அது நடுவில் கூன் போட்டது.

"தள்ளாதீங்க சார்!"

"நீங்கதான் தள்ளறீங்க!"

"இழுத்துட்டு விட்டுடணும். நான் இழுக்கறப்ப நீங்க சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கற பழக்கம் எங்க குடும்பத்துலயே கிடையாது."

"அதான் தெருவுக்கே தெரியுமே."

எப்படியோ தாளம் பிடிபட்டது. அவர் இழுக்க நான் விட, நான் இழுக்க அவர் விட, மரத்தூள் இருவர் மீசையிலும் படிய, மோட்டாரின் முகத்தில் சிரிப்பு போன்ற ஒன்று தென்பட்டது. எனக்குள் ஒரு குரல்: 'டேய், இதுதான் நேரம், பையனுக்காகக் கேட்டுவிடு.' மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சார், எங்க அக்கா பையன்..." என்று ஆரம்பித்தேன். மடமடவென்று ஒரு சத்தம். கிளை நம் பக்கம் விழும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அது அவர் பக்கம் சாய்ந்து, கீழே நின்ற புல் வெட்டும் மிஷின்மேல் தன் முழு வாழ்நாள் பாரத்தோடும் உட்கார்ந்தது. மிஷின் இப்போது இஸ்திரி போட்ட கைக்குட்டைபோல் இருக்கிறது. மோட்டார் தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீயே சொல், இழவு வீட்டில் போய்ப் பெண் கேட்பார்களா? ஆகவே மாப்பிள்ளை, அந்தப் பெண்ணை மறந்துவிடு. பிரம்மச்சரியம் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். உன் அம்மாவுக்கு என் வணக்கம், உன் மேல் எப்போதும் என் ஆசி. அத்தையையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். "நான் சபதம் போடல" என்றாள். அதையே ஆசியாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்து, இப்போது தன்னையே தூக்க முடியாத
மாமன்

பி.கு.: மேலே உள்ளதில் 'மாப்பிள்ளை' என்பது மட்டும் நிஜம், மற்றதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்ட எச்சில் தொட்ட நேரத்தில் மோட்டார் வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் போனேன். "சார், மிஷின் போனதுல இருந்து வீடு ஒரே அமைதி," என்றார். "இன்னிக்குத்தான் என் பொண்ணு பேசறது முழுசா காதுல விழுந்துச்சு. உங்க அக்கா பையனைப் பத்தி ரொம்ப நாளாவே என்கிட்ட சொல்லிட்டிருக்காளாம். நானும் மிஷினை ஓட்டிக்கிட்டே 'சரிம்மா, சரிம்மா'ன்னு தலையாட்டி இருக்கேனாம். அப்ப நான் சம்மதிச்சு எவ்வளவோ நாளாச்சுங்கறா. சொன்ன வாக்கை மாத்தலாமா சார்? கூடாது. ஆனா ஒண்ணு, பையன் கையால வேலை செய்வானா?" மாப்பிள்ளை, நான் என்ன செய்ய, வாய் முந்திக்கொண்டது. நீ மரத்தை நகத்தால் இழைப்பாய் என்றேன். நீ துவைத்த வேட்டியைக் கொடியில் பார்த்துவிட்டு நிலா வெட்கப்பட்டு இறங்கிப் போனதாகச் சொன்னேன். "பலே! ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, உள்ளங்கையைப் பார்த்துடுவோம்" என்று குதூகலமாகப் போனார். உன் உள்ளங்கையில் வெண்ணெய்கூட வழுக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே கல், மண், கதவு, கயிறு, எது கிடைத்தாலும் இன்றே தேய்க்கத் தொடங்கு. (சபதம் வாபஸ். அத்தை வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டாள், மேசை ஆடுவதால்தான் கையெழுத்து இப்படி.) மோட்டார் போன பிறகு அவர் மகள் எட்டிப் பார்த்து, "அவர் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாமா. அப்பாவை நான் பார்த்துக்கறேன். நீங்க மட்டும் இனிமே ஒண்ணும் பேசிடாதீங்க" என்றாள். உன் கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை முறைத்தாள். மூடிக்கொண்டேன்.