மைத்துனி பெயரில் ஒரு கார்

இனிமேல் செத்தாலும் மைக்ரோபஸ்ஸில் ஏறுவதில்லை என்று லுத்ஃபி முடிவு செய்தார். முடிவு செய்தபோது அவர் மைக்ரோபஸ்ஸில்தான் இருந்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே இருந்த பாதியின்மேல் யாரோ ஒருவருடைய வெங்காய மூட்டை. வெளியே இருந்த பாதியின்மேல் கெய்ரோவின் புழுதி. ஷுப்ராவில் ஏறும்போது மனிதனாக ஏறுகிறவர், அப்பாஸியாவில் இறங்கும்போது பிழிந்துபோட்ட துணியாக இறங்குவார். குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவருக்கு அதிக வேலை ஒன்றும் கிடையாது. போய்ச் சேருவதே வேலை. திரும்பி வருவது ஓவர்டைம்.

வீட்டுக்கு வந்தார். மனைவி தவ்லத் தட்டில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தவ்லத், நாம கார் வாங்கப் போறோம்."

அவள் தலையைத் தூக்கவில்லை. "சரி. முதல்ல கேஸ் வாங்கிட்டு வாங்க. அடுப்பு ரெண்டு நாளா முக்குது."

"விளையாடல. எங்க ஆபீஸ் ஹிஜாஸி வாங்கிட்டான்."

"அவருக்கு ஏது அவ்வளவு காசு?"

"காசு கம்மிதான். மாற்றுத்திறனாளிங்களுக்கு சுங்கவரி கிடையாது இல்ல? பாதி விலைக்கு வந்துடுது."

"ஹிஜாஸிக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கண்ணு?"

"நல்லாத்தான் தெரியுது."

"அப்ப குறை எதுல?"

"குறை அவன்கிட்ட இல்ல. அவன் சித்தப்பா பையன்கிட்ட இருக்கு. வண்டி அந்தப் பையன் பேர்ல. ஓட்டறது இவன்."

"அந்தப் பையன் எங்க இருக்கான்?"

"அஸ்யூத்ல."

"வண்டி?"

"இங்க."

"ஒரு தடவையாச்சும் அந்த வண்டியில ஏறினானா?"

"ஹிஜாஸி போட்டோ அனுப்பினானாம். பார்த்துட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டானாம்."

ஹிஜாஸி ஒருவன்தான் என்றில்லை. அந்தச் சலுகை வண்டிகள் ஊரெல்லாம் ஓடின. லுத்ஃபியின் அலுவலக வாசலிலேயே ஒன்று நிற்கும். அதை ஓட்டி வருகிறவன் வாசலைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, மதில் ஏறிக் குதித்து டீக்கடைக்குப் போவான். யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

லுத்ஃபிக்கும் அப்படி ஒருவர் கைவசம் இருந்தார். மனைவியின் அக்கா இன்ஷிராஹ். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவள். அக்குளில் ஊன்றுகோல்களோடு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். நஸ்ர் சிட்டியில் ஒரு தொலைபேசி நிலையத்தில் வேலை.

"அக்காவோட சலுகையில நீங்க கார் ஓட்டணுமா?" என்றாள் தவ்லத்.

"அவங்களையும் கூட்டிட்டுப் போவேன்ல? பெருநாளுக்கு, கல்யாணத்துக்கு..."

"அக்கா வருஷத்துல எத்தனை கல்யாணத்துக்குப் போறா?"

"இப்பெல்லாம் ஜனங்க எங்க கல்யாணம் பண்றாங்க? அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

தவ்லத் ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள். பிறகு, "சரி, பண்ணுங்க" என்றாள்.

இந்த இடத்தில் லுத்ஃபி சுதாரித்திருக்க வேண்டும். தவ்லத் என்றால் அவர்கள் பேச்சில் அரசு என்று அர்த்தம். பெற்றவர்கள் தெரிந்தேதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் எந்த மனுவும் முதல் தடவையில் கையெழுத்தானதில்லை. அவர் களைத்திருந்தார். களைத்த மனிதனுக்கு 'சரி' என்ற சொல் காதில் தேனாகப் பாயும்; அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றாது.

மறுநாள் ஒரு பெட்டி பஸ்பூஸா வாங்கிக்கொண்டு மைத்துனி வீட்டுக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். இன்ஷிராஹ் இனிப்பைத் தின்றுகொண்டே கேட்டாள்.

"நான் என்ன செய்யணும் தம்பி?"

"ஒண்ணுமே செய்யக் கூடாது அண்ணி. அதுதான் முக்கியம். டாக்டருங்க முன்னாடி போய் நிக்கணும். நிக்கக்கூட வேண்டாம், சாய்ஞ்சுக்கோங்க. வண்டி ஓட்ட இவங்களால முடியாதுன்னு அவங்க எழுதினாத்தான் வேற ஆள் பேரை ஓட்டுநரா போட முடியும். கைகூட நடுங்குதுன்னு சொல்லுங்க."

"கை நடுங்காதே."

"நடுக்குங்க."

இன்ஷிராஹ் விரலில் ஒட்டிய பாகைத் துடைத்தாள். "சின்ன வயசுலேர்ந்து என்னால முடியும் முடியும்னு எல்லார்கிட்டயும் காட்டித்தான் பழக்கம் தம்பி. முடியாதுன்னு காட்டறதைப் புதுசா கத்துக்கணும். பரவாயில்ல, பார்க்கலாம்."

பணத்துக்கு லுத்ஃபி மனூஃபியாவில் அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கை விற்றார். தம்பிமார் இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "போகட்டும், கார் வந்தா தானா பேசுவாங்க" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"இவ்வளவு பணம் உங்களுக்கு எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்களே?" என்றாள் தவ்லத்.

"கேட்டா?"

"அக்காவுக்கு அன்பளிப்புன்னு சொல்லுங்க. வரிவிலக்கு ஆபீஸ்லயும் அப்படியே எழுதிக் கொடுங்க. சந்தேகமே வராது."

லுத்ஃபி அசந்துபோனார். இப்படி ஒரு மூளையைப் பருப்பு பொறுக்க வைத்திருந்தோமே என்று கூட வருத்தப்பட்டார். ரொட்டிக் கடை, சலூன், பள்ளிவாசல் வாசல் என்று போன இடமெல்லாம் தன் வாயாலேயே சொன்னார். "பாவம், மூத்த மைத்துனி. நமக்கு யார் இருக்கா? கார் வாங்கிக் கொடுக்கறேன்." எதிர்வீட்டு உம்மு ஷஃபீக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, என் அக்கா செத்தப்போ சவத்துணிக்குக்கூடக் காசு கொடுக்கல" என்று தன் கணவனைக் காட்டினாள்.

பிறகு அலைச்சல் தொடங்கியது. இந்தக் கட்டடம், அந்தக் கட்டடம், இந்த முத்திரை, அந்த முத்திரை. வரிக்குத்தான் விலக்கு இருந்தது, வரிசைக்கு இல்லை. விடியலில் போய் இடம் பிடிப்பது லுத்ஃபி. அவருடைய முறை வரும்போது அதிகாரி தொழப் போயிருப்பார். திரும்பி வந்தால் சாப்பிடப் போவார். ஊன்றுகோல்களும் சக்கர நாற்காலிகளும் நிற்கிற வரிசையில் இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஒரு ஆள் நிற்பதை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். நாலைந்து வாரம் போனதும் யாரும் பார்க்கவில்லை. அதற்குள் அவரும் நொண்ட ஆரம்பித்திருந்தார்.

மருத்துவக் குழு நாள் வந்தது. இன்ஷிராஹோடு தவ்லத் உள்ளே போனாள். லுத்ஃபி தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "ஆ... ஐயோ!" என்று ஓர் அலறல். லுத்ஃபிக்குப் புல்லரித்தது. அண்ணி பிய்த்து உதறுகிறாள், நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள்.

"என்ன ஆச்சு?"

"நல்லபடியா முடிஞ்சுது," என்றாள் தவ்லத். "டாக்டரே அசந்துட்டார். மிச்சக் காகிதமெல்லாம் இனிமே நான் பார்த்துக்கறேன்."

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மாலை அக்காவும் தங்கையும் சேர்ந்து வெளியே போனார்கள். கேட்டால், "அக்காவுக்குக் கைப் பயிற்சி" என்றாள் தவ்லத். லுத்ஃபி ஆறிப்போன மக்ரோனியைத் தின்றபடி, தான் ஓட்டப்போகும் காரின் ஜன்னல்களை மனதுக்குள் ஏற்றி, இறக்கி, ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மட்டும். யாருடைய மூச்சும் கழுத்தில் படாது.

கார் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம். சுங்கக் கிடங்கில் அதைப் பார்த்ததும் லுத்ஃபிக்கு முதலில் அழுகை வந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னப்பா?" என்று கிடங்குக்காரனைக் கேட்டார்.

"தள்ளினா பிரேக், இழுத்தா வேகம். எல்லாம் கையிலதான். ஓட்டறவங்களுக்குக் கால் வேண்டாம்."

"எனக்குக் கால் இருக்கே?"

"சார், நீங்க யாரு?"

"நான்தான் ஓட்டுநர்."

அவன் காகிதத்தைப் பார்த்தான். "ஓட்டுநர் வண்டிக்குச் சொந்தக்கார அம்மாவேதான். லைசென்ஸும் எடுத்திருக்காங்க. வேற யாரும் ஓட்டினா வண்டியைப் பறிமுதல் பண்ணிடுவாங்க. கொஞ்சம் இறங்குங்க சார், சீட்டு அழுக்காகும்."

லுத்ஃபி எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. மைக்ரோபஸ்ஸில்தான் வந்திருப்பார்.

"டாக்டர் முன்னாடி நடுங்கச் சொன்னேனே!"

"கையைப் பிடிச்சு அழுத்தச் சொன்னாரு. அக்கா அழுத்தினா. முப்பது வருஷமா ஊன்றுகோல் பிடிச்ச கை இல்லையா?"

"அப்ப அந்த அலறல்?"

"டாக்டர்தான்."

லுத்ஃபி நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயும் கூட்டா?"

"போன குளிர்கால மழையில அக்கா ரோட்டுல நின்னா. ஊன்றுகோலைப் பார்த்துட்டு ஒரு டாக்சி நிக்கல. ஏத்தி இறக்க நேரம் ஆகுமாம். நனைஞ்சு, வழுக்கி விழுந்து, யாரோ தூக்கி விட்டாங்க. உங்ககிட்ட சொன்னேன். என்ன சொன்னீங்க ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'வெந்நீர் ஒத்தடம் கொடு' என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்திருந்தார். அன்று அவருக்குக் களைப்பு.

அதற்காக நிலத்தை விட்டுவிட முடியுமா? "பணம் என்னுது! நான் போலீசுக்குப் போவேன்!"

"போங்க. போய் என்ன சொல்வீங்க? மாற்றுத்திறனாளிப் பொம்பள பேர்ல வண்டி எடுத்து நான் ஓட்டலாம்னு இருந்தேன், ஏமாத்திட்டாங்கன்னா? அன்பளிப்புன்னு எழுதிக் கொடுத்த கையெழுத்து யாருது?"

லுத்ஃபி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஜன்னலுக்கு வெளியேயிருந்து உம்மு ஷஃபீக்கின் குரல் வந்தது. "லுத்ஃபி அண்ணே! கார் வந்துடுச்சாமே! உங்க மனசு யாருக்கு வரும்! என் ஓரகத்திக்குக்கூட ஒரு கால் கொஞ்சம்..."

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

மறுவாரம் ஒரு காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. இன்ஷிராஹ் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் இருந்தாள். சிறகு முளைத்தவள்போல அவள் முகம் அப்படி ஒரு மலர்ச்சியில் இருந்தது. லுத்ஃபி அவளைத் திட்டத்தான் இறங்கி வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் திட்டு வரவில்லை.

"ஏறுங்க தம்பி. அப்பாஸியா நான் போற வழிதானே, இறக்கி விடறேன். தினமும் இறக்கி விடறேன்."

முன் சீட்டில் தவ்லத் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சந்தைக்காம். லுத்ஃபி பின்னால் ஏறி, இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், பாட்டு வைத்தார்கள். அண்ணி ஓட்டுகிற வேகத்துக்கு வளைவுகளில் லுத்ஃபி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வழுக்கிப் போனார். இரண்டு பாலம் தாண்டுவதற்குள் முகம் வெளிறி, தலை தொங்கிவிட்டது.

ரம்ஸீஸ் பக்கம் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். சலுகை வண்டிகளில் ஆரோக்கியமானவர்கள் சுற்றுவதைப் பிடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. குனிந்து பார்த்தார். முன்னால் ஜம்மென்று இரண்டு பெண்கள். பின்னால் ஊன்றுகோல்களைக் கட்டிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் ஒரு மனிதர். காவலரின் குரல் இளகிவிட்டது.

"பாவம், பின்னாடி இருக்கிறவருக்குத்தான் எடுத்த வண்டியாம்மா?"

தவ்லத் திரும்பித் தன் கணவரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"இல்லைங்க. அவருக்கு இருக்கிற குறைக்கு அரசாங்கம் எதுவும் தர்றதில்ல."