ஒன்பது வினாடித் தீ

பிப்ரவரி பதினேழாம் தேதி, மாலை ஐந்து ஐம்பது. காற்று துளியும் இல்லை, தெளிந்த வானம், லேசான புழுக்கம். ஓலைக் குடிசையைக் கொளுத்த அதைவிட நல்ல நேரம் அமையாது. அதைக் கெடுத்தவன் நான்தான்.

குடிசை எங்களுடையதுதான். என் மருமகள் வாசுகி சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் நெருப்பு செய்கிறவள். சம்பள வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே தனியாகப் பிடித்த முதல் வேலை, ஒரு குடிசை எரியும் காட்சி. எரித்து அனுப்பினாள். படக் கம்பெனி மூன்று முறை திருப்பி அனுப்பியது. கொடியில் காயும் ஆரஞ்சுப் புடவை மாதிரி தீ ஆடுகிறதாம். நான்காவதும் தேறாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

நிஜத் தீ ஓலையை எப்படிப் பிடிக்கிறது, எங்கே கிழிகிறது என்று பார்த்தால்தான் செய்ய முடியும் என்றாள். காட்டூரில் அவள் தோழியின் காலி மனையில் ஐந்தடிக் குடிசை ஒன்று கட்டினோம். கேமரா வாடகைக்கு. துணைக்கு நான். (முப்பத்தோரு வருடம் பள்ளியில் எரிதல் பாடம் நடத்தியவன். அத்தனை வருடத்தில் கொளுத்திய மிகப் பெரிய பொருள் மெழுகுவத்தி.)

முன்னெச்சரிக்கையாகப் பதினாலு வாளித் தண்ணீர் வைத்திருந்தேன். வீட்டு வாளி ஆறு, புதிதாக வாங்கியது எட்டு.

"மாமா, நான் சொல்ற வரைக்கும் வாளியைத் தொடாதீங்க. இருக்கறது ஒரே குடிசை."

நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கேட்டேன். அவள் பற்ற வைத்தாள்.

அடி குறித்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. வினாடிகளை எண்ணினேன். நாலில் தீ இரண்டடி. ஆறில் ஐந்தடி. எட்டில் கூரையைத் தாண்டி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் பாடப் புத்தகத்தில் இல்லை.

ஒன்பதில் முதல் வாளியை வீசினேன். பிறகு இரண்டாவது. மூன்றாவது குடிசையைத் தாண்டிப் போய்க் கேமராவைக் குளிப்பாட்டியது. (தீ அதற்குள் அணைந்துவிட்டது. கைதான் அணையவில்லை.)

வாசுகி கத்தவில்லை. சொட்டுகிற கேமராவைத் துப்பட்டாவில் சுற்றினாள்.

"மாமா, வாளியைக் கீழ வைங்க."

"எந்த வாளியம்மா?"

"கையில இருக்கறது."

அது நான்காவது.

கேமரா பிழைக்கவில்லை. அதிலிருந்த கார்டு பிழைத்தது. அந்த ஒன்பது வினாடியைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்து, மூன்று நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு தீ செய்தாள். இப்போதுதான் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. (என்னைக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.)

படம் வந்தது, திருச்சியில் குடும்பத்தோடு போனோம். திரையில் குடிசை பற்றியதும், என் மனைவி ராஜம் கண்ணைத் திருப்பாமலேயே, என் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசுகி சிரித்த சிரிப்பில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் அடுப்பு மூட்டினாலும், என் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள்.

ஓலை, மூங்கில், கூலி நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. எட்டு வாளி ஆயிரத்து நூற்று அறுபது. கேமரா முப்பத்தெட்டாயிரத்து இருநூறு. ஆக, என் பென்ஷனிலிருந்து போனது ரூபாய் நாற்பத்து நாலாயிரத்துப் பத்து.