குதிரைசாமியின் மறதித் தகடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பழைய தியேட்டரின் பின்பக்க ஷெட்டில் நாற்பது கார்கள் வரிசை கட்டிவிடும். எல்லாம் புது வண்டிகள். சீட்டின் பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்காத வண்டிகளும் அதில் உண்டு. உடம்பு சரியில்லாதவன் வைத்தியரைத் தேடிப் போவது உலக வழக்கம். இங்கே கல் மாதிரி இருக்கும் வண்டிகளை வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

வைத்தியர் குதிரைசாமி. தாடி, சடை எதுவும் கிடையாது. அதெல்லாம் போன தலைமுறைச் சாமிகளோடு போயிற்று. இவர் நீல நிற மெக்கானிக் உடையில்தான் காட்சி தருவார். அதில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. இஸ்திரி மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதைப் பானட்டின் மேல் வைத்துக் கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "உள்ள இருபது குதிரை தூங்குது" என்பார். எந்த வண்டியானாலும் இருபதுதான். பத்தொன்பது குதிரை தூங்கிய வண்டி ஒன்றுகூட அந்த ஷெட்டுக்கு வந்ததில்லை.

எழுப்புவதற்கு ஒரு கறுப்புப் பெட்டி. எஞ்சினிலிருந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரின் நடுவே அதைச் சொருகுவார். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பெட்டி பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை இன்னும் முடுக்கும். வண்டி பறக்கத்தான் செய்யும். முதுகில் சூடு வைத்தால் நொண்டியும் ஓடத்தான் செய்வான்.

கூட்டத்தில் அறிவு மிச்சமிருந்த யாரோ ஒருநாள் கேட்டுவிட்டார்: கம்பெனிக்குத் தெரிந்தால் வாரண்டி போய்விடாதா? சாமி புன்னகைத்தார். அதற்கும் மருந்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் செம்பு நிறத் தகடு. பெயர் மறதித் தகடு. டேஷ்போர்டுக்கு அடியில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். சர்வீசுக்குப் போகும் முன் பெட்டியைக் கழற்றிவிட்டு, தகட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சாவியை மூன்று முறை திருப்ப வேண்டும். நடந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு மறந்துவிடும்.

அதன்பின் திங்கட்கிழமைகளில் சர்வீஸ் சென்டருக்கு எதிர்த் தெரு பார்க்கப் பார்க்கத் திகட்டாத தெருவாயிற்று. படித்த கனவான்கள் பானட்டுக்குள் தலையை விட்டுப் பெட்டியைப் பிடுங்குவார்கள். ஜூஸ் கடைக்காரரிடம் ஒப்படைப்பார்கள். அவர் அவற்றைப் பெயர் ஒட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். பிறகு ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டபடி, பல்வலி வந்த முகத்தோடு சாவியைத் திருப்புவார்கள்.

டாக்சிக்காரர் ஒருவர் அந்தத் தெருவில் இரண்டு சர்வீசுக்குச் சாவி திருப்பியவர். வண்டி வாங்கி இருபத்திரண்டு மாதம். வாரண்டி இன்னும் பதினான்கு மாதம். வீட்டில் சாப்பாடு அந்த வண்டி ஓடினால்தான். பெட்டி மாட்டி நாலு மாதம் காற்றாய்ப் பறந்தார். ஐந்தாம் மாதம் எஞ்சின் விசிலடித்தது. பின்னால் நீலப் புகை வந்தது. டர்போ போய்விட்டது என்று அவருக்கே புரிந்தது. கைக்காசில் மாற்றுவதென்றால் வண்டியை விற்கத்தான் வேண்டும். ஆனால் மனிதர் கலங்கவில்லை. கம்பெனி மாற்றித் தரும், தகடு இருக்கிறதே.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த மச்சினியிடம் இதைப் பெருமையாகவே சொன்னார். அவள் அதே சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பவள். குடும்பத்தில் அவளுக்கு ஸ்பானர் என்று பெயர்; எதையும் இறுக்காமல் விடமாட்டாள்.

"மாமா, அந்தத் தகடு வேலை செய்யுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பல் டாக்டருக்கு வைப்பர் மோட்டார் ஃப்ரீயா மாத்திக் குடுத்தாங்களே. பெட்டி போட்ட வண்டிதான். ஒரு கேள்வி கேக்கல."

"மாத்தினதே நான்தான். வைப்பருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆள் பானட்டுக்குள்ள கோழி வளர்த்திருந்தாலும் வைப்பரை மாத்தித்தான் தரணும். நீங்க மாட்டினது எதைக் கெடுத்துச்சோ, அதுக்குத்தான் வாரண்டி கிடையாது. பெட்டி கெடுத்தது டர்போவை."

அவர் முகம் சுருங்கியது. இவள் நம்பிக்கையில்லாதவள், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அது மச்சினி காதில் விழுந்தது. சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். தகடு ஜெயித்தால் வாரண்டியில் டர்போ மாற்றிக் கொடுக்க அவளே எழுதித் தருவதாகவும் சொன்னாள். ரோஷம் வந்தவர் சரி என்றார்.

மறுநாள் ஷெட்டில் அவள், கோளாறு படிக்கும் ஸ்கேனரோடு அவர் டாக்சியில் போய் இறங்கினாள். சாமிக்கு முதலில் புரியவில்லை. யாரோ குதிரை எழுப்ப வந்திருக்கிறார்கள் என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். டாக்சியின் டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகினாள். டர்போவின் சூடு எல்லை மீறிய தடவைகள், எத்தனையாவது கிலோமீட்டரில் மீறியது என்பதோடு, திரையில் வந்தன. முன்னூற்றுப் பன்னிரண்டு. முதல் தடவை, பெட்டி மாட்டிய மறுநாள்.

"இப்ப நீங்களே தகட்டைத் தொட்டுச் சாவியைத் திருப்புங்க. உங்க கையைவிட ராசியான கை இங்க யாருக்கு இருக்கு?"

நாற்பது வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? சாமி காரில் ஏறினார். விரலை வைத்தார். மூன்று முறை திருப்பினார். தொழில் பயத்தில் நாலாவதும் ஒன்று திருப்பினார். அவள் பொத்தானை அழுத்தித் திரையை டாக்சிக்காரர் பக்கம் நீட்டினாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு.

டாக்சிக்காரருக்குக் காது அடைத்தது. சாமிக்கு வாய் அடைக்கவில்லை. நம்பாதவர் கருவியைப் பிடித்தால் தகடு கோபித்துக்கொள்ளும் என்றார். அப்படியா என்று அவள் ஸ்கேனரை வரிசையில் நின்ற அந்தப் பல் டாக்டரிடமே கொடுத்துவிட்டாள். அவரைவிட நம்பிக்கையுள்ளவர் ஊரில் கிடையாது. டாக்டர் தன் வண்டியைச் சோதித்தார். ஐந்நூற்று நாற்பது. தகட்டைத் தொட்டுவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்நூற்று நாற்பது. அவருடைய பக்தியை அது ஒரு எண்ணிக்கைகூட மதிக்கவில்லை.

டாக்சிக்காரர் கோபத்தில் தகட்டைப் பிய்த்தெடுத்தார். பின்பக்கம் பசையைச் சுரண்டினால் அச்செழுத்து. பெயிண்ட் டப்பாவை வெட்டி, முன்பக்கம் செம்புச் சாயம் அடித்திருந்தார்கள். எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது: "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." பெரியவர்களைப் பற்றி அந்த டப்பா கம்பெனி யோசிக்கவில்லை பாவம்.

மச்சினி ஷெட்டின் ஓரத்தில் துணி போர்த்தி நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தாள். "அது யாருது?" சாமியுடையது. பானட்டைத் திறக்கச் சொன்னாள். சாமி சாவி வீட்டில் இருக்கிறது என்றார். சாவி அவர் இடுப்பில் தொங்குவதை நாற்பது பேரும் பார்த்தார்கள். ஒருவர் கழற்றிக்கொடுத்து உதவினார்.

பெட்டி இல்லை. தகடும் இல்லை. கம்பெனி ஒட்டிய முத்திரை ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. வாரண்டிச் சீட்டு லேமினேஷன் செய்து, டேஷ்போர்டு அறைக்குள் சூரிய வெளிச்சம் படாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

"உங்க குதிரைங்க மட்டும் தூங்கட்டும்னு விட்டுட்டீங்களா சாமி?" என்று டாக்சிக்காரர் கேட்டார். சாமி எல்லாருடைய நன்மைக்காகத் தன் குதிரைகளைத் தியாகம் செய்ததாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் இஸ்திரி மடிப்பு கலைய ஆரம்பித்திருந்தது. பின்வாசல் வழியாக அவர் ஓடிய வேகத்துக்கு இருபது குதிரையும் தோற்றுப்போகும்.

திங்கட்கிழமை டாக்சிக்காரர் சர்வீஸ் சென்டரில் பெட்டியைக் கவுண்டரில் வைத்து உள்ளதைச் சொன்னார். முடிவு மதியம் வந்தது. டர்போவுக்கு வாரண்டி கிடையாது; கண்ணாடி ஏற்றும் மோட்டாரில் இருந்த கோளாறை இலவசமாகச் சரிசெய்வார்கள். உறவுக்காக மச்சினி ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. வண்டியை விற்காமலிருக்க ஒரே வழி, டர்போவுக்குக் காசு சேர ஓர் ஆண்டு வேறொருவர் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. அவர் அதற்குத் தயாராகிவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் அவர் வாரண்டிப் புத்தகத்தைப் படித்திருந்தார். வாங்கிய நாளிலிருந்து அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. பதினாறு பக்கம், பதினோராவது பக்கத்தில் பெட்டி விஷயம் பச்சையாகவே எழுதியிருந்தது. படிக்க இருபது நிமிடம் ஆனது.

பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஐந்நூற்று நாற்பது அவரைத் தூங்கவிடவில்லை. புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்? என்ன போட்டிருக்குன்னு சுருக்கமா சொல்லிடுங்க."

டாக்சிக்காரர் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார்.

"சுருக்கமா சொன்ன ஆள்கிட்டதானே டாக்டர் நாம ரெண்டு பேரும் மாட்டினோம். நீங்களே படிங்க."